ஒரு பக்கமே முறுக்கும் பிளேயர்

மோப்பம் தப்பாகத்தான் ஆரம்பித்தார். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவர் எடுத்த வழக்கெல்லாம் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. சிலது அப்படியே முடிந்தும் இருக்கிறது.

அவருக்கு மோப்பம் என்று பேர் வைத்தவன் அவரைச் சரியாகத் தெரியாதவனாக இருக்க வேண்டும். வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடித்த மூக்கு அது. சொந்த வீட்டு அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் தெரியும். இருந்தாலும் வாசலில் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருந்தார். யாரையும் நம்பாத குணம் ஒன்று இருந்தால் போதும், இந்தத் தொழிலுக்கு வேறு முதல் வேண்டாம் என்பது அவர் கணக்கு. பால்காரரை நம்ப மாட்டார். சுவர்க் கடிகாரத்தை நம்ப மாட்டார். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

உதவியாளர் அவருடைய சம்பந்தி. அதாவது பெண்ணின் மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த மனுஷர் வீட்டில் உட்கார்ந்து, மருமகள் வெங்காயம் நறுக்குகிற விதத்துக்குக்கூட யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார். "அப்பா, மாமாவை உங்க கூடக் கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று பெண் போனில் அழுதாள். அப்படி வந்து சேர்ந்தவர். பெண் கொடுத்த இடம். அவர் என்ன கிண்டல் செய்தாலும் மோப்பம் சிரித்துத்தான் ஆக வேண்டும். அதுவும் அவர் வாங்க போங்க என்று மரியாதையாகவே கிண்டல் செய்வார். திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை.

இப்போது இருவரும் ஒரு விமானக் கொட்டகைக்குள் நின்றார்கள். உயரமான தகரக் கூரை. எண்ணெய்ச் சொட்டு ஒன்றுகூட இல்லாத சாம்பல் நிறத் தரை. நடுவில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று, மூக்கு மூடியைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் வந்த ஆள் மாதிரி நின்றது.

"இதுதான் என் வண்டி," என்றார் ஐஸ்காரர். ஐஸ் தொழிற்சாலைகளின் முதலாளி. மோப்பத்தை வழக்குக்குப் பிடித்தவர் அவர்தான். "போன வாரம் தனியா ஓட்டிட்டுப் போனேன். மேல ஏறினதும் ஆயில் ஃபில்டர் கழண்டுடுச்சு. முன்கண்ணாடி பூரா எண்ணெய். பக்கத்து ஜன்னல்ல தலையை நீட்டிப் பார்த்துக்கிட்டே இறக்கினேன்யா! செத்துப் பொழைச்சேன்."

"ஐயோ," என்றார் சம்பந்தி. "தலைமுடிக்கு எண்ணெய் வெச்ச மாதிரியும் ஆச்சு."

ஐஸ்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓரத்தில் நின்ற பெண்ணைக் காட்டினார். நாற்பது வயதிருக்கும். நீல மேலங்கி. நகக்கண்ணில் கரி. அந்தக் கொட்டகையின் மெக்கானிக். "முதல் நாள் ஃபில்டரை மாத்துனது இந்தம்மா. இந்தம்மா கையில இருக்கறதெல்லாம் தெருவோரக் கடைச் சாமான். போலி. அதைத்தான் நீங்க நிரூபிக்கணும். சாயங்காலம் லைசென்ஸ் அதிகாரி வர்றாரு. அவர் முன்னாடி புகார் கொடுக்கப் போறேன்."

கொட்டகை மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதே அவருக்கு வேலை போலிருந்தது. "புகார் வந்தா லைசென்ஸ் போயிடும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் சரியாத்தான் இறுக்கினேன்," என்றாள் மெக்கானிக். "சரியாத்தான் கம்பி கட்டினேன். என் வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்தி. இந்த லைசென்ஸ் இல்லேன்னா எனக்கு வேற தொழில் தெரியாது. அதுக்காகப் பொய் சொல்றேன்னு நினைச்சீங்கன்னா நினைச்சுக்கங்க."

மோப்பம் அப்படித்தான் நினைத்தார். அழாமல் பேசுகிறாள், ஆகவே குற்றவாளி. அழுதிருந்தால் நடிக்கிறாள், ஆகவே குற்றவாளி என்றிருப்பார்.

அவளுடைய கருவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இழுப்பறை இழுப்பறையாகக் கறுப்புப் பஞ்சு. அதில் ஸ்பேனருக்கு ஸ்பேனர் வடிவத்தில், பிளேயருக்கு பிளேயர் வடிவத்தில் குழி வெட்டியிருந்தது. ஒவ்வொன்றும் தன் குழியில் படுத்திருந்தது.

"எதுக்கு இந்தக் குழி?"

"ஒண்ணு குறைஞ்சாலும் குழி காலியாத் தெரியும். என்ஜினுக்குள்ள விட்டுட்டோமான்னு தேடிப் பார்க்காம மூடியைப் போட மாட்டோம். அதனாலதான் இங்க யாரும் யாருக்கும் சாமான் இரவல் கொடுக்கறதில்ல. கையெழுத்து போட்ட வேலையை வேற ஆள் தொடறதும் இல்ல."

"நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கணும்," என்றார் சம்பந்தி. "சம்பந்தி மூக்குக் கண்ணாடிக்கு ஒரு குழி. கைக்குட்டைக்கு நாலு குழி."

மோப்பம் சிரித்து வைத்துவிட்டு ஒரு ஸ்பேனரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனிப் பேரே இல்லை. "பேரு எங்கம்மா?"

"பேரு ஃபில்டரை இறுக்காது சார்."

இந்த மாதிரி பதில் சொல்கிறவர்களை அவருக்கு ஆகவே ஆகாது. பிறகு அவள் ஒரு விநோதமான பிளேயரைக் காட்டினாள். வாயால் கம்பியைக் கவ்விக்கொண்டு, வாலில் இருக்கிற குமிழைப் பிடித்து இழுத்தால், பிளேயர் தானே பம்பரம் மாதிரி சுற்றும். கம்பி முறுக்கிக்கொள்ளும். என்ஜின் அதிர்வில் ஃபில்டர் கழன்றுவிடாமல் இருக்க, அதை லாக் வயர் என்கிற மெல்லிய கம்பியால் என்ஜினோடு சேர்த்துக் கட்டுவார்களாம். இரட்டை இழை போட்டு இப்படி முறுக்குவார்களாம். விமானத்தில் அன்றைக்கு அறுந்து தொங்கிய கம்பித் துண்டு மேனேஜர் அறையில், சுவரில் தொங்கிய கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே, மேசைமேல் ஒரு தட்டில் இருந்தது. மோப்பம் அதைச் சாட்சி என்று சொல்லிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கடையில வாங்கின?"

சொன்னாள்.

"முடிஞ்சது வழக்கு," என்றார் மோப்பம் ஐஸ்காரரிடம். "சாயங்காலத்துக்குள்ள போலியைக் கையில கொண்டு வந்து கொடுக்கறேன்."

ஐஸ்காரர் தன் காரையே கொடுத்தனுப்பினார். காரில் ஏறும்போது கதவில் இடித்து மோப்பத்தின் மூக்குக் கண்ணாடிக் காம்பு கழன்று விழுந்தது. திருகாணி எங்கே போனதோ தெரியவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கார் எது, கடை எது என்று தெரியாது. "கொடுங்க இப்படி," என்று வாங்கி, சம்பந்தி எதையோ ஒரு துண்டுக் கம்பியைச் செருகி வளைத்துக் காதில் மாட்டிவிட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல சம்பந்தி, நல்லாத்தான் இருக்கு."

காது வலித்தது. பெண் கொடுத்த இடம்.

கடை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. பலகையும் இல்லை. பழைய டயர் கடைக்கும் சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் நடுவில் செருகிய மாதிரி ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் மரத் தட்டுகள், அதில் ஸ்பேனர், சாக்கெட், சுத்தியல், ரம்பம். மூலையில் ஒரு பெரிய தகர டிரம். கடைக்காரர் குட்டையான ஆள். கழுத்தில் பூதக்கண்ணாடி ஒன்றைக் கயிற்றில் தொங்க விட்டிருந்தார்.

மோப்பம் வேஷத்தில் போனார். வேஷம் என்றால் தொப்பி. "நான் ஒரு விமான முதலாளி," என்றார். "என் விமானத்துக்கு நல்ல சாமானா வேணும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது."

"என்ன விமானம்?"

"வெள்ளை விமானம்."

கடைக்காரர் பூதக்கண்ணாடியைத் தூக்கி மோப்பத்தையே பார்த்தார்.

"புதுசா வாங்கியிருக்காரு," என்று சம்பந்தி உதவிக்கு வந்தார். "இன்னும் முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு பழகலை."

மோப்பம் பேச்சை வளர்க்காமல் ஒரு ஸ்பேனரை எடுத்தார். போலியைக் கண்டுபிடிக்க அவரிடம் சொந்தமாக ஒரு முறை இருந்தது. வாயில் வைத்து அழுத்திக் கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது.

"தங்கத்தைத்தான் கடிச்சுப் பார்ப்பாங்க சம்பந்தி," என்றார் சம்பந்தி. "இரும்பைக் கடிச்சா பல்லு போலியா இல்லையான்னுதான் தெரியும்."

பல் போலிதான். மோப்பம் அதை நாக்கால் மெல்லச் சரி செய்துகொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டார். "எப்படிங்க இவ்வளவு மலிவாத் தர்றீங்க? எங்கேயோ இடிக்குதே."

"பளபளப்பு கிடையாது, வெல்வெட் பெட்டி கிடையாது, விளம்பரம் கிடையாது. பட்டறை மூடுறவங்க, ஃபேக்டரி மூடுறவங்க கிட்ட மொத்தமா எடுக்கறேன். சிலது பழசு, சிலது புதுசு. ஒவ்வொண்ணையும் நானே எடை தொங்கவிட்டு, தேய்மானம் பார்த்து, தேறினாத்தான் தட்டுல வைப்பேன். தேறாதது டிரம்முக்குப் போயிடும்."

மோப்பத்துக்குப் பொறி தட்டியது. டிரம்! திருட்டுத்தனம் அங்கேதான் இருக்கிறது. பகலில் டிரம்மில் போடுவது, ஆள் பார்த்து மறுபடி எடுத்து விற்பது. அவர் கடைக்காரரிடம் குனிந்து, ஒரு கண்ணைச் சிமிட்டிச் சொன்னார். "அந்த டிரம்ல இருந்தே நாலு கொடுங்களேன். பாதி விலை. யார் கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

கடைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "அதை வெச்சு விமானத்துல வேலை பார்ப்பியா? மேல போறவன் தலையில கீழ இருந்தே கல்லைப் போடறதுக்குச் சமம்யா அது! என் டிரம் சாமான் பழைய இரும்புக்குத்தான் போகும். அதுவும் நான் நடுவுல அறுத்துட்டுத்தான் போடறேன், போய்ப் பாரு!"

சம்பந்தி போய்ப் பார்த்தார். டிரம்மில் கிடந்ததெல்லாம் இரண்டு துண்டாக அறுபட்டுக் கிடந்தது. "சம்பந்தி, இங்க அரை ஸ்பேனர்தான் இருக்கு. அரை விமானம் வாங்கினா வரலாம்."

போலியைப் பிடிக்க வந்த இடத்தில் ஆள் யோக்கியனாக இருந்துவிட்டான். இதை விடத் தொல்லை ஒரு துப்பறிவாளருக்கு வேறு கிடையாது. மோப்பம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "கம்பி முறுக்குற பிளேயர் காட்டுங்க."

கடைக்காரர் வேண்டாவெறுப்பாக ஒன்றை மேசையில் போட்டார். மெக்கானிக்கிடம் பார்த்த அதே பிளேயர். சம்பந்தி அதை எடுத்து, கிடந்த ஒரு துண்டுக் கம்பியை இரட்டையாக மடித்துக் கவ்வி, குமிழை இழுத்தார். விர்ர்ர். குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது. மறுபடியும் இழுத்தார்.

"இதைத் திருப்பி அந்தப் பக்கம் சுத்த வைக்க முடியுமா?"

"முடியாது. இது ஒரு பக்கந்தான் முறுக்கும். ரெண்டு பக்கமும் முறுக்கறதும் உண்டு, விலை பல மடங்கு. விமானக் கொட்டகை மெக்கானிக் அம்மா ஒருத்தங்களுக்கு அதையும் காட்டினேன். ஒரு பக்கமே போதும்னுட்டாங்க. என்னைக்காவது மறுபக்கம் வேணும்னா கையால முறுக்கிக்குவாங்களாம். தேவையில்லாததுக்கு எதுக்கு விலை கொடுக்கணும்?"

"ஆக, அரைகுறைச் சாமான்!" என்று கத்தினார் மோப்பம். "பாதி வேலைதான் செய்யும்! அதைத்தான் மலிவுன்னு விக்கறீங்க! மாட்டினீங்களா!"

இருவரும் வெளியே வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. பின்னாலேயே தொப்பியும் பறந்து வந்தது.

சைக்கிள் கடை வாசலில் ஒரு பெஞ்சு. மோப்பம் அதில் உட்கார்ந்து வெற்றியோடு மூக்கைச் சிந்தினார். ஜலதோஷத்தில் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. கழற்றித் துடைத்தார். பக்கத்தில் சம்பந்தி தான் கடையில் முறுக்கிய கம்பியைக் கையில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

மோப்பம் துடைப்பதை நிறுத்தினார்.

"சம்பந்தி, என் கண்ணாடியில இருக்கற கம்பி ஏது?"

"உங்க சட்டைப் பையிலதான் இருந்தது. காகிதத்துல மடிச்சு வெச்சிருந்தீங்க. குப்பைதானேன்னு…"

"அது சாட்சி சம்பந்தி!"

"அப்ப சாட்சி இத்தனை நேரமும் உங்க காதுலயே சொல்லிட்டு இருந்திருக்கு."

கோபப்பட நேரம் இல்லை. பெண் கொடுத்த இடம் என்பது வேறு விஷயம். மோப்பம் காம்பிலிருந்து கம்பியை உருவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்கு முட்டப் பார்த்தார். சம்பந்தி முறுக்கியதில் இழைகள் வலது தோள் பக்கம் சாய்ந்து ஏறின. விமானத்தில் அறுந்த கம்பியில் இடது தோள் பக்கம் சாய்ந்து ஏறின.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க," என்றார் சம்பந்தி.

மோப்பம் தலைகீழாகத் திருப்பினார். சாய்வு மாறவில்லை. மறுபடி திருப்பினார். அப்போதும் மாறவில்லை. கயிறோ கம்பியோ, எந்த முனையிலிருந்து பார்த்தாலும் முறுக்கு முறுக்குதான். அது ஆளைப் பார்த்து மாறாது.

"அந்தம்மா பிளேயர் ஒரு பக்கந்தான் முறுக்கும்," என்றார் மெதுவாக. "இது அடுத்த பக்கம். இது அந்தம்மா கட்டின கம்பி இல்ல."

"கையால முறுக்கியிருந்தா?"

அதற்குப் பதில் தெரிய வேண்டிய ஆள் உள்ளே இருந்தார். மோப்பம் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று, வெள்ளை விமானம் எதுவும் தன்னிடம் இல்லை என்ற உண்மையைச் சொன்னார். கடைக்காரர் அது தெரியும் என்றார். மெக்கானிக்கின் லைசென்ஸ் போகப் போகிறது என்று சொன்ன பிறகுதான் பூதக்கண்ணாடியைத் தூக்கினார்.

"கையால முறுக்குனா இவ்வளவு சீரா வராது, மேடும் பள்ளமுமா இருக்கும். இது ரெண்டு பக்கமும் முறுக்கற பிளேயர். ஆனா பிடிச்சவன் கத்துக்குட்டி. விட்டு விட்டு இழுக்கத் தெரியாம, இழுத்துக்கிட்டே இருந்திருக்கான். இவ்வளவு நெருக்கி முறுக்குனா கம்பிக்கு உயிர் போயிடும். நாலு குலுக்கு தாங்காது."

"அந்தப் பிளேயரை யாருக்கு வித்தீங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கலை. விலையைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரு பக்கமே போதும்னு தோணிடும்."

காரில் திரும்பி வரும்போது மோப்பம் யோசித்துக்கொண்டே வந்தார். காலையில் முடிஞ்சது வழக்கு என்று சொன்ன வாய். அதை எந்தப் பக்கம் முறுக்கினாலும் தகும். அந்தம்மா கட்டிய கம்பியை வெட்டிப் போட்டுவிட்டு வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். யார்? கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது? மேனேஜரிடம். காலையில் அந்த ஆள் அத்தனை தடவை நெற்றியைத் துடைத்தது ஏன்? அவர் அறைச் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று தொங்கியது என்ன? கம்பி முறுக்கும் பிளேயர்!

"சம்பந்தி, இந்தத் தடவை தப்பவே தப்பாது."

"நீங்க அப்படிச் சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகமே வருது."

கொட்டகையில் எல்லாரும் மேனேஜர் அறையில் இருந்தார்கள். அதிகாரி கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. மெக்கானிக் தன் கருவிப் பெட்டியைப் பூட்டி, சாவியை மேசையில் வைத்திருந்தாள்.

மோப்பம் நடு அறையில் நின்று, கம்பியைத் தூக்கிக் காட்டி, முறுக்கின் சாய்வை விளக்கினார். நன்றாகவே விளக்கினார். மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். மெக்கானிக் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மோப்பம் சுவரைப் பார்த்து விரலை நீட்டினார்.

"இந்தக் கொட்டகையில ரெண்டு பக்கமும் முறுக்கற பிளேயர் வெச்சிருக்கறவர் ஒரே ஒருத்தர். மேனேஜர் சார், அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறங்க!"

"அது நான் மெக்கானிக்கா இருந்து மேனேஜர் ஆனப்ப பசங்க கொடுத்த பரிசுங்க," என்றார் மேனேஜர் அழாத குறையாக.

"திறங்க!"

திறந்தார். மோப்பம் பிளேயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலைச் சுவரில் வைத்து இழுத்தார். பிளேயர் மரப் பலகையோடு ஒட்டியிருந்தது. பசை போட்டு, மேலே வார்னிஷும் அடித்திருந்தார்கள். வாயையே திறக்காது அது.

மோப்பம் காலைச் சுவரிலிருந்து இறக்கினார்.

"பலகையோட தூக்கிட்டுப் போய் முறுக்கியிருப்பாரோ?" என்றார் சம்பந்தி.

ஐஸ்காரர்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "போயும் போயும் இதைப் போய்ப் பிளேயர்னு பிடிச்சு இழுக்கறீங்களே! சாமான்னா என்னன்னு நான் காட்டறேன்யா, இருங்க."

காருக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்தார். மெழுகு போட்ட மரம். உள்ளே சிவப்பு வெல்வெட். வெல்வெட்டில் ஒரு பிளேயர், மணமேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி. "வெளிநாட்டுல சொல்லி வரவழைச்சது. இதோட விலைக்கு இந்தம்மாவோட மொத்தப் பெட்டியையும் வாங்கலாம். பாருங்க, வெண்ணெய் மாதிரி சுத்தும்." மேசை மேல் கிடந்த கம்பியை மடித்தார், கவ்வினார், இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். "இது இருந்ததால தப்பிச்சேன். இந்தம்மா கட்டினது எனக்கு நம்பிக்கை இல்லாம, அன்னைக்கே அதை வெட்டிட்டு நானே என் கையால கட்டினேன். அது மட்டும் இல்லேன்னா இன்னும் என்ன ஆகியிருக்குமோ!"

மோப்பம் தன் மூக்கை மேசைக்குக் கொண்டுபோய், ஐஸ்காரர் முறுக்கிய கம்பியைப் பார்த்தார். இழைகள் நெருக்கமாக, மூச்சுத் திணறத் திணற, இடது தோள் பக்கம் சாய்ந்து ஏறியிருந்தன. அறுந்த கம்பியைப் பக்கத்தில் வைத்தார். கூடப் பிறந்தவை மாதிரி இருந்தன.

"ஐயா," என்றாள் மெக்கானிக். குரலை உயர்த்தவில்லை. "கம்பியை வெட்டினப்ப ஃபில்டரையும் தொட்டீங்களா?"

"லேசா. இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவை அசைச்சுப் பார்த்தேன்."

"எந்தப் பக்கம் அசைச்சீங்க?"

ஐஸ்காரர் வாயைத் திறந்தார். வலது கையைத் தூக்கி, காற்றிலேயே ஒரு ஃபில்டரைப் பிடித்து, ஒரு பக்கம் திருப்பினார். நிறுத்தினார். அடுத்த பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி முதல் பக்கம். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது மோப்பத்துக்கே தெரிந்தது. கண்ணாடி போடாமலே.

"நான் கையெழுத்து போட்ட வேலை அது," என்றாள் அவள்.

மேனேஜர் அன்றைக்கு முதல் தடவையாக நெற்றியைத் துடைக்காமல் பேசினார். "அதிகாரிக்கு நான் போன் பண்ணி விஷயத்தைச் சொல்றேன். வேற ஒருத்தர் தொட்டதாத்தான் சொல்லணும். யாருன்னும் சொல்லணும்."

ஐஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மோப்பத்தின் மேல் பாய்ந்தார். "உங்களை நான் போலியைக் கண்டுபிடிக்கத்தானேய்யா சொன்னேன்?"

"கண்டுபிடிச்சுட்டாருங்களே," என்றார் சம்பந்தி பணிவாக. "சாமான்ல இல்ல. அவ்வளவுதான்."

இந்த ஒரு கிண்டலுக்கு மட்டும் மோப்பம் மனசாரச் சிரித்தார். அதோடு கூலி போயிற்று என்பதும் தெரிந்தது.

ஐஸ்காரர் சும்மா தோற்கிற ஆள் இல்லை. "சரி, என் தப்புன்னே வெச்சுக்குங்க. ஆனா அந்த மலிவுச் சாமான் இனிமே என் வண்டியைத் தொடக் கூடாது."

"தாராளமா," என்றாள் மெக்கானிக். மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். "வேற மெக்கானிக் பார்த்துக்குங்க."

மேனேஜர் இருமினார். வேறு மெக்கானிக் வேண்டுமென்றால் விமானத்தில்தான் போய்க் கூட்டி வர வேண்டும் என்றார். எந்த விமானத்தில் என்று சம்பந்தி கேட்டார். ஐஸ்காரர் ஜன்னல் வழியாகத் தன் விமானத்தைப் பார்த்தார். மூக்கைத் திறந்துகொண்டு அது பரிதாபமாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏம்மா… நீங்களே பார்த்துக் கொடுங்க."

"இந்தம்மா" போய் "நீங்க" வந்ததை எல்லாரும் கவனித்தார்கள்.

"செய்யறேன். ஆனா இந்தப் பெட்டி இங்க இருக்கட்டும்," என்றாள். "வண்டியை நீங்க ஓட்டலாம், துடைக்கலாம், பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம். மூடியை மட்டும் திறக்கக் கூடாது." வெல்வெட்டிலிருந்து பிளேயரை எடுத்து, ஒரு பொத்தானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள். ஐஸ்காரர் அப்படி ஒரு பொத்தான் இருப்பதையே அப்போதுதான் பார்த்தார். "நல்ல சாமான்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பிறகு அவள் வேலையில் இறங்கினாள். புது ஃபில்டர். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், அளவு வந்ததும் டக் என்று ஒரு சத்தம் போட்டது. அதற்கு மேல் அவள் ஒரு மயிரிழைகூட இறுக்கவில்லை. என்ஜினுக்குள் இருட்டாக இருந்ததால் டார்ச் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. மோப்பம் தானாகவே போய் நின்றார். காலையில் அவளைப் பற்றி நினைத்ததற்கு அதையாவது செய்யலாம் என்று தோன்றியது. மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. டார்ச் பிடிக்கிற பழக்கமும் கிடையாது. வெளிச்சம் பாதி நேரம் அவள் கண்ணிலேயே விழுந்தது.

"என்ஜினுக்குக் காட்டுங்க சார். நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

அந்த ஒரு பக்கமே முறுக்கும் பிளேயரால் கவ்வி, விட்டு விட்டு மூன்று இழுப்பு. முனையை வெட்டி, கையைக் கீறாதபடி உள்பக்கமாக வளைத்து விட்டாள். கம்பி சீராக, கச்சிதமாக நின்றது. பிளேயரை அதன் குழியில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினாள்.

மோப்பம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் இறுக்கமாக இருக்கிறதா, ஒரு தடவை, லேசாக… அவர் கை அவரைக் கேட்காமலே நீண்டது. ஆள்காட்டி விரல் கம்பியைத் தொடப் போனது.

பட்டென்று விழுந்தது ஒரு அடி, புறங்கையில்.

"இப்படித்தான் சார் ஆரம்பிக்கும்," என்றாள் மெக்கானிக்.